காற்றைப் பங்கிட்ட கதை

நால்வர் ஐவராகக் கூடி ஒரே வாடகை வீட்டில் வசிப்போர், சாயங்காலம் எல்லோரும் வீடு திரும்பிய பிறகு வைஃபை மந்தமாகிவிட்டால், முதலில் இணைப்புக் கொடுத்த கம்பெனியின்மேல் கோபம் கொள்வதும், அடுத்தபடி ரவுட்டரை அணைத்துப் போடுவதும், அதனாலும் பயன் காணாதபோது பக்கத்து அறைக்காரர்தான் எதையோ டவுன்லோடு போட்டிருக்கிறார் என்று சந்தேகிப்பதும் இன்று சர்வசாதாரணம். அந்தக் கடைசி சந்தேகத்தில் பாதி நியாயம் உண்டு. ஆனால் பல சமயங்களில் குற்றம் அதிகமாக வாங்குபவரிடம் இல்லை, மெதுவாக வாங்குபவரிடமே இருக்கிறது என்பது இந்தச் சாதனத்தின் பூர்வ சரித்திரத்தை அறிந்தவர்க்கே விளங்கும்.

ஹவாய் சர்வகலாசாலையின் பெரிய கம்ப்யூட்டர் ஓவாஹூ தீவில் இருக்க, அதன் கல்லூரிகளில் சில கடலுக்கப்பால் வேறு தீவுகளில் இருந்தன. அவற்றையெல்லாம் டெலிபோன் கம்பியால் இணைப்பதைவிட ரேடியோ அலைகளால் இணைப்பதே உசிதம் என்று துணிந்த நார்மன் ஆப்ராம்சன் என்னும் பேராசிரியர், தம் சகாக்களோடு உழைத்து, 1971-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் அலோஹாநெட் என்ற அமைப்பை இயங்கச் செய்தார். அதன் மத்திய நிலையத்துக்கு மெனெஹூனே என்று பெயர். ஹவாய் மக்களின் கர்ணபரம்பரைக் கதைகளில் இரவோடு இரவாகக் காரியத்தை முடித்துவிட்டு மறைகிற குள்ள மனிதர்களின் பெயர் அது.

ஒரே அலைவரிசை பலருக்கும் வேண்டியிருந்தால், இன்னாருக்கு இன்ன நேரம் என்று முன்கூட்டியே பாகம் பிரித்துக் கொடுப்பதுதான் யாருக்கும் முதலில் தோன்றும் யோசனை. ஆப்ராம்சனோ அந்தப் பாகப்பிரிவினையையே வேண்டாமென்று தள்ளினார். அனுப்ப வேண்டியது உள்ளவர் உடனே அனுப்பட்டும். இருவர் செய்திகள் ஆகாயத்தில் மோதி இரண்டும் நாசமானால், மெனெஹூனேயிடமிருந்து 'வந்து சேர்ந்தது' என்ற பதில் வராது. பதில் வராதவர் ஆளுக்கொரு விதமாக, குருட்டாம்போக்கில் சற்றுக் காத்திருந்து மறுபடி அனுப்பட்டும்: இவ்வளவுதான் அவர் வகுத்த தர்மம். கணக்குப் போட்டால், அலைவரிசையின் கொள்ளளவில் நூற்றுக்குப் பதினெட்டுச் சொச்சத்துக்குமேல் இம்முறையில் பயன்படாது. மிச்சமெல்லாம் மௌனமும் மோதலுமே. ஆயினும் மேற்பார்வையாளன் இல்லாமலே காரியம் நடந்துவிடுகிறது என்பதில்தான் அதன் மகத்துவம் இருந்தது. ஆப்ராம்சனின் கட்டுரையைப் படித்த ராபர்ட் மெட்கால்ஃப், கலிபோர்னியாவில் ஜெராக்ஸ் ஆராய்ச்சிசாலையில் 1973-ல் இதே தர்மத்தைக் கம்பிக்குள் புகுத்தி, பேசுமுன் கம்பியில் வேறு யாரேனும் பேசுகிறார்களா என்று கேட்டுக்கொள்ளும் நாகரிகத்தையும் சேர்த்து, ஈதர்நெட்டை உண்டாக்கினார்.

கம்பிக்குள் புகுந்த அந்தத் தர்மம் காற்றுக்கு மீண்டும் வர வழி திறந்தது ஒரு விதிமாற்றம். 1985 மே மாதத்தில் அமெரிக்க அரசின் தகவல் தொடர்பு ஆணையம் லைசென்ஸ் இல்லாத தொடர்புக் கருவிகளுக்குத் திறந்துவிட்ட மூன்று அலைவரிசைகளில் 2.4 கிகாஹெர்ட்ஸும் ஒன்று; தொழிற்சாலைச் சூடேற்றிகளுக்கும் மைக்ரோவேவ் அடுப்புகளுக்கும் விடப்பட்டு, இரைச்சல் மிகுந்ததென்று செய்தித் தொடர்புக்காரர் ஒதுக்கிய பிரதேசம் அது. சமையலறையில் அடுப்பு சுழலும்போது வீடியோ நின்று நின்று ஓடுவதாகக் குறைப்படுவோர், அந்த அலைவரிசையில் மூத்த உரிமை அடுப்புக்கே என்பதை நினைவில் கொள்வது நல்லது. நெதர்லாந்தில் என்சிஆர் ஸ்தாபனத்தின் எஞ்சினீயர்கள் கடைகளின் கல்லா இயந்திரங்களைக் கம்பியின்றி இணைக்க இந்தச் சலுகையைப் பிரயோகித்தார்கள். அவர்களில் ஒருவரான விக் ஹேய்ஸ் பத்து வருஷம் தலைமை வகித்த குழு 1997-ல் வெளியிட்ட பொது விதிதான் வைஃபையின் ஆதாரம். அப்போதைய வேகம் வினாடிக்கு 2 மெகாபிட், 1999-ல் 11. இந்தியாவில் இந்த அலைவரிசைக்கு லைசென்ஸ் தேவை நீங்கியது 2005 ஜனவரியில்.

ஹவாயின் தர்மம் இங்கேதான் வீட்டுக்குள் குடிபுகுந்து சோதனைக்குள்ளாயிற்று. ஒவ்வொரு கருவியும் காற்றைக் கேட்டு, குருட்டாம்போக்கில் காத்திருந்து, தன் முறை வந்ததும் ஒரு செய்திப் பொட்டலத்தை அனுப்புகிறது. நீண்ட காலப்போக்கில் எல்லோருக்கும் ஏறக்குறையச் சமமான முறைகள் கிடைக்கின்றன. ஆனால் முறை சமமேயன்றி நேரம் சமமன்று. குழாயடியில் ஆளுக்கு ஒரு குடம் என்று விதித்தால், ஊசிவாய்க் குடத்தோடு வந்தவர் நிரப்பி முடிக்கும்வரை அகன்ற வாய் அண்டாக்காரரும் நின்றுதானே ஆக வேண்டும்? 2003-ல் பிரான்ஸின் கிரெனோபிள் நகர ஆராய்ச்சியாளர் இதை எண்ணிக்கையாலேயே காட்டினார்கள்: 11 மெகாபிட் வேகத்தில் பேசும் கருவிகளிடையே ஒன்றே ஒன்று 1 மெகாபிட்டுக்கு இறங்கினாலும், மற்றவை அனைத்தும் ஏறக்குறைய அந்த மட்டத்துக்கே இறங்கிவிடுகின்றன. தூரமும் கான்கிரீட் சுவரும் சிக்னலைக் குறைக்கக் குறைக்க, பின்னறைப் பழைய போன் தன் பேச்சு புரிய வேண்டுமென்று தானாகவே வேகத்தைத் தணித்துக்கொள்கிறது. அதன் அபராதத்தை ரவுட்டருக்கு அருகே உட்கார்ந்திருப்பவரும் செலுத்துகிறார்.

அடுக்குமாடி வீடுகளில் அண்டை வீட்டாரும் இந்த வரிசையில் சேர்ந்துவிடுகிறார்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று உரசாமல் இயங்கக்கூடிய சேனல்கள் 1, 6, 11 என்ற மூன்றே. ஒன்றிலும் ஆறிலும் கூட்டம் என்று கண்டு சமர்த்தாக மூன்றாம் சேனலைத் தேர்ந்தெடுப்பவர், இரு கூட்டத்தார்க்கும் புரியாத இரைச்சலாக மாறி, தாமும் கெட்டு அவர்களையும் கெடுக்கிறார். ஒன்றிலேயே சேர்ந்திருந்தால் முறைவைத்தாவது பேசியிருக்கலாம்.

முறையை விட்டு நேரத்தையே சமமாகப் பங்கிடும் உபாயத்தை ஸ்வீடனின் கார்ல்ஸ்டாட் சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர் உள்ளிட்டோர் லினக்ஸில் செய்து காட்டி, 2017-ல் கட்டுரையாகவும் வெளியிட்டார்கள். அந்த வசதி இல்லாத ரவுட்டரை வைத்திருக்கும் கூட்டுக் குடித்தனக்காரர் செய்யக்கூடியது, பல ரவுட்டர்களின் நிர்வாகப் பக்கத்தில் காணப்படும் கருவிகளின் பட்டியலைத் திறந்து, எந்தக் கருவி மிகக் குறைந்த வேகத்தில் இணைந்திருக்கிறது என்று பார்ப்பது. பெரும்பாலும் அது தூரத்து அறையில் இருக்கும். செருப்பு அலமாரிக்குள் கிடக்கும் ரவுட்டரை வீட்டின் நடுவே உயரத்தில் வைத்தாலே பாதி சரியாகும். இடம்பெயராத டிவிக்கு லான் கேபிள் ஒன்றை இழுத்துவிட்டால், காற்றில் நிற்கும் வரிசையில் ஒரு ஆள் குறைவார்.