சேத்துப்பட்டிலிருந்து ஒரு மருந்தியல்: காசநோய்க் கூட்டுச்சிகிச்சை உருவான வரலாறு

ஒரு நுண்ணுயிர்க்கொல்லி எப்படி வேலை செய்கிறது என்று கேட்டால், அது கிருமியின் எந்தப் பகுதியைத் தாக்குகிறது என்பதைத்தான் மருந்தியல் பாடநூல்கள் முதலில் சொல்கின்றன. செல்சுவர், புரதம் கட்டும் ரைபோசோம், மரபுச்செய்தியைப் படியெடுக்கும் நொதி என்று இலக்குகள் அங்கே வகைபிரிக்கப்பட்டிருக்கும். காசநோய் மருந்துகளின் வரலாறோ வேறு வரிசையில் நடந்திருக்கிறது. ஐசோனியசிட் 1952இல் நோயாளிகளின் கைக்கு வந்தது. கிருமிக்குள் அது என்ன செய்கிறது என்பது 1990களில்தான் விளங்கியது. இடைப்பட்ட 40 ஆண்டுகளில் கோடிக்கணக்கானோரின் சிகிச்சையை வழிநடத்தியது வேறு வகை அறிவு: எதனுடன் எதைச் சேர்ப்பது, இரத்தத்தில் மருந்து எந்த அளவை எட்ட வேண்டும், எத்தனை நாளுக்கு ஒருமுறை கொடுப்பது, எவ்வளவு காலம் தொடர்வது. அந்த அறிவின் பெரும்பங்கு சென்னை சேத்துப்பட்டில் திரட்டப்பட்டது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஒற்றை மருந்தின் தோல்வி

1943இல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வகத்தில் ஆல்பர்ட் ஷாட்ஸ் மண்வாழ் நுண்ணுயிர் ஒன்றிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசினைப் பிரித்தெடுத்தார். கிருமியின் ரைபோசோமில் ஒட்டிக்கொண்டு, புரதம் கட்டும்போது செய்தியைத் தவறாக வாசிக்கவைப்பது இதன் செயல். ராபர்ட் கோக் 1882இல் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்து 60 ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது. அதுவரை அதை மனித உடலுக்குள் கொல்ல எதுவும் இருக்கவில்லை.

பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் இம்மருந்தை 107 பேரிடம் சோதித்தது. யாருக்கு மருந்து, யாருக்குப் படுக்கை ஓய்வு மட்டும் என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானிக்கும் திட்டத்தை ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் வகுத்தார். ஆறு மாத முடிவில் மருந்து பெற்ற 55 பேரில் 4 பேரும், பெறாத 52 பேரில் 14 பேரும் இறந்திருந்தனர். 1948இல் வெளியான இந்த முடிவு புள்ளியியல் வரலாற்றில் கொண்டாடப்படுகிறது. மருந்தியலுக்கு அதைவிட முக்கியமானது அதன் தொடர்ச்சி. முதல் சில மாதங்களில் தேறிய பலருக்கு நோய் திரும்பியது. அவர்களின் சளியிலிருந்து வளர்த்த கிருமிகளை ஸ்ட்ரெப்டோமைசின் தொடக்கூட முடியவில்லை. ஐந்தாண்டுகளுக்குப் பின் இரு குழுக்களின் இறப்புக்கும் இடையே பெரிய வேறுபாடு எஞ்சவில்லை.

காரணம் எளிய கணக்கு. நுரையீரலில் காசநோய் அரித்த ஒரு குழிவில் 10 கோடி கிருமிகள் இருக்கலாம். அவற்றில் ஏறத்தாழ 10 லட்சத்துக்கு ஒன்று, மருந்தைப் பார்க்கும் முன்பே, தற்செயலான மரபுத்திரிபால் ஸ்ட்ரெப்டோமைசினை எதிர்க்கும் திறன் பெற்றிருக்கும். அதாவது முதல் ஊசி போடும் நாளிலேயே சுமார் 100 எதிர்ப்புக் கிருமிகள் அங்கே காத்திருக்கின்றன. மருந்து மற்றவற்றை அழித்து அந்த நூற்றுக்கு இடத்தைக் காலிசெய்து கொடுக்கிறது. வேறொரு வழியில் தாக்கும் இரண்டாவது மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால், இரண்டையும் ஒருசேர எதிர்க்கும் கிருமி லட்சம் கோடிக்கு ஒன்றாகிவிடும். அத்தனை கிருமிகள் எந்த நோயாளியின் குழிவிலும் இல்லை.

அந்த இரண்டாவது மருந்து ஸ்வீடனிலிருந்து வந்தது. யோர்கன் லேமன் முன்மொழிந்த பாரா அமினோ சாலிசிலிக் அமிலம், சுருக்கமாக பி.ஏ.எஸ்., தனியாகக் கொடுத்தால் பலம் குறைந்தது. வயிற்றைப் புரட்டும், கிராம் கணக்கில் விழுங்க வேண்டும். ஆயினும் ஸ்ட்ரெப்டோமைசினுடன் சேர்ந்தபோது எதிர்ப்புக் கிருமிகள் தலையெடுப்பது வெகுவாகக் குறைந்தது. வலிய மருந்துக்கு ஒரு காவலாள் தேவை என்பது அப்போது நிலைநாட்டப்பட்டது. காசநோய்ச் சிகிச்சையில் அதற்குப் பின் வந்த எல்லாக் கூட்டுமுறைகளும் இந்தக் கண்டுபிடிப்பின் வழித்தோன்றல்களே.

ஐசோனியசிட்: அலமாரியில் கிடந்த மருந்து

ஐசோனியசிட்டை 1912இலேயே பிராகில் ஹான்ஸ் மெயரும் யோசெப் மாலியும் தயாரித்துவிட்டனர். காசநோய்க்கு அது உதவும் என்பது யாருக்கும் தெரியாததால் 40 ஆண்டுகள் பயனற்றுக் கிடந்தது. 1950களின் தொடக்கத்தில் ஹாஃப்மன் லா ரோஷ், ஸ்குவிப், பேயர் ஆகிய மூன்று நிறுவனங்கள் ஒன்றையொன்று அறியாமல் அதன் ஆற்றலைக் கண்டன. மாத்திரையாக விழுங்கலாம், விலை மிகக் குறைவு, வீரியமோ அதிகம்.

காசநோய்க் கிருமியின் வெளிச்சுவர் மைகோலிக் அமிலம் என்ற நீண்ட கொழுப்புச் சங்கிலிகளால் ஆன மெழுகுக் கவசம். ஐசோனியசிட் அப்படியே இருந்தால் தீங்கற்றது. கிருமிக்குள் நுழைந்ததும் அதன் சொந்த கேட்டலேஸ் நொதியே, கேட்-ஜி எனப்படுவது, அதை நச்சாக்குகிறது. அவ்வாறு செயல்பெற்ற வடிவம் மைகோலிக் அமிலம் தயாரிக்கும் இன்-ஏ நொதியை முடக்க, பெருகத் துடிக்கும் கிருமி புதுச்சுவர் கட்ட முடியாமல் அழிகிறது. மனித உடலில் மைகோலிக் அமிலம் இல்லை. ஆகவே இந்தத் தாக்குதல் நம் செல்களைத் தொடுவதில்லை. ஐசோனியசிட்டை எதிர்க்கும் கிருமிகள் பலவற்றில் கேட்டலேஸ் இல்லை என்பதை 1954இலேயே கார்ட்னர் மிடில்புரூக் கவனித்துவிட்டார். அந்தத் தடயத்தின் பொருள் மரபணு அளவில் 1992இல்தான் உறுதியானது. தடயம் கைவசம் இருந்தும் விடைக்கு இவ்வளவு காலம் பிடித்ததை நினைத்தால், மருத்துவர்கள் அதற்காகக் காத்திராதது எவ்வளவு பெரிய நன்மை என்பது புரியும்.

சேத்துப்பட்டு

1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய மதராஸ் மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆகியவை சேர்ந்து சேத்துப்பட்டில் காசநோய் வேதிச்சிகிச்சை மையத்தைத் தொடங்கின. வாலஸ் ஃபாக்ஸ் முதலில் அதன் பொறுப்பை ஏற்றார். கேள்வி நேரடியானது: நோயாளிகள் லட்சக்கணக்கில், சானடோரியம் படுக்கைகளோ சொற்பம், வீட்டில் வைத்தே குணப்படுத்த முடியுமா?

நகரத்தின் ஏழைக் குடும்பங்களிலிருந்து வந்த நோயாளிகள் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரிக்கப்பட்டனர். இரு குழுவுக்கும் ஓராண்டு ஐசோனியசிட்டும் பி.ஏ.எஸ்.உம். சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல உணவு, காற்றோட்டமான அறை, முழு ஓய்வு, செவிலியர் கவனிப்பு. வீட்டில் இருந்தவர்களுக்கு நெரிசலான அறை, குறைந்த சாப்பாடு, பலருக்கு வேலையும். 1959இல் வெளியான முடிவில், நோய் அடங்கியவர்கள் வீட்டுக் குழுவில் 86 விழுக்காடு, சானடோரியக் குழுவில் 92. பின்னர் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்ததில் நோய் திரும்பியவர்கள் இரு பக்கமும் சிலரே. வீட்டில் நோயாளி இருந்ததால் குடும்பத்தாருக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. இந்த முடிவுகள் உலகெங்கும் சானடோரியங்களின் தேவையையே கேள்விக்குள்ளாக்கின.

உணவும் ஓய்வும் வீண் என்று இதற்குப் பொருளல்ல. ஜார்க்கண்டில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு, சத்துணவு கொடுத்தால் நோயாளியின் குடும்பத்தாருக்குக் காசநோய் வருவது குறைகிறது என்று காட்டியிருக்கிறது. சென்னை காட்டியது வேறு: சரியான மருந்துக் கூட்டு கிருமிகளைக் கொல்வதற்கு, நோயாளி எங்கே படுத்திருக்கிறார் என்பது தடையாகாது.

ஆனால் மருந்து வயிற்றுக்குள் போகாவிட்டால் அது தடையாகும். மையத்தின் ஊழியர்கள் முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்றனர். மீதமிருக்கும் மாத்திரைகளை எண்ணிப் பார்த்தனர். அங்கேயே சிறுநீர் வாங்கிச் சோதித்தனர், பி.ஏ.எஸ். விழுங்கியிருந்தால் பெரிக் குளோரைடு பட்டதும் சிறுநீரின் நிறம் மாறும். கெட்டிக்காரர்கள், பொறுப்பானவர்கள் என்று கருதப்பட்டவர்களிலும் சிலர் மருந்தை விட்டிருந்தனர். இருமல் நின்று உடம்பு தேறியபின் மாதக்கணக்கில் கசப்பை விழுங்குவது எவருக்கும் கடினம். இதை நோயாளியின் ஒழுக்கக்குறையாகப் பார்க்காமல் சிகிச்சைமுறையின் குறையாகப் பார்த்ததில் அம்மையத்தின் பெருமை இருக்கிறது.

ஊழியர் கண்முன்னே மருந்தை விழுங்கவைப்பதே வழி. ஆனால் தினமும் அப்படி மேற்பார்வையிடுவது சாத்தியமில்லை. வாரம் இருமுறை என்றால் சாத்தியம். மருந்தியல் அதற்கு இடம் கொடுக்குமா? காசநோய்க் கிருமி ஒருமுறை இரட்டிக்க 15 முதல் 20 மணி நேரம் எடுக்கும் மந்தமான உயிர். மருந்தில் சிறிது நேரம் நனைந்தபின் மருந்தை நீக்கினாலும் சில நாட்கள் பெருகாமல் முடங்கிக் கிடக்கும் என்று டெனிஸ் மிச்சிசனின் லண்டன் ஆய்வகம் காட்டியது. அதற்கு முன்பே சென்னையில் இன்னொரு குறிப்பு கிடைத்திருந்தது: ஒரே அளவு ஐசோனியசிட்டை இரண்டாகப் பிரித்துக் கொடுப்பதைவிட ஒரே வேளையில் கொடுப்பது கூடுதல் பலன் தந்தது. இரத்தத்தில் மருந்து நீடித்து நிற்பதைவிட அது தொடும் உச்சம் முக்கியம் என்பது அதன் பொருள். ஊழியர் கண்முன்னே வாரம் இருமுறை ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் அதிக அளவு ஐசோனியசிட்டும் பெற்றவர்கள், வீட்டில் தினமும் மருந்து விழுங்கியவர்களுக்குச் சற்றும் குறையாமல் குணமடைந்தனர். 1964இல் வெளியான இம்முடிவு நேரடி மேற்பார்வைச் சிகிச்சைக்கு அடித்தளம்.

வாரம் ஒருமுறை என்று இழுத்துப் பார்த்தபோதுதான் எல்லை தெரிந்தது. ஐசோனியசிட்டைக் கல்லீரல் அசிட்டைல் சேர்த்துச் செயலிழக்கச் செய்கிறது. அதன் வேகம் பரம்பரையாக வருவது. தென்னிந்தியரில் பெரும்பான்மையினர் மெதுவாகச் சிதைப்பவர்கள், மற்றவர்கள் வேகமானவர்கள். வாரம் ஒருமுறை சிகிச்சையில் வேகமானவர்கள் பின்தங்கினர். மெதுவானவர்களுக்கு வேறு ஆபத்து: மருந்து உடலில் தங்கி, பாதங்களில் எரிச்சலும் மரமரப்புமாக நரம்புகளைப் பாதிக்கும். சில மில்லிகிராம் பைரிடாக்சின், அதாவது வைட்டமின் பி6, அதைத் தடுக்கும் என்பதையும் இதே மையம் கண்டது. ஒரே மாத்திரை இரண்டு உடல்களில் இரண்டு விதமாக நடந்துகொள்வதை, மரபணுச் சோதனைகள் வருவதற்கு வெகு முன்பே, நோயாளிகளின் சிறுநீரிலும் சளியிலும் இவர்கள் படித்தறிந்தனர்.

ஆறு மாதம்

ஓராண்டைக் குறைத்தவை இரண்டு மருந்துகள். மிலானின் லெபெட்டிட் ஆய்வகத்தில் பியரோ சென்சி குழுவினர், பிரெஞ்சு ரிவியேரா மண்ணிலிருந்து கிடைத்த நுண்ணுயிரின் வழியாக ரிஃபாம்பிசினை உருவாக்கினர். மரபுச்செய்தியைப் படியெடுக்கும் நொதியில் இது அடைப்பான்போல உட்கார்ந்துகொள்ளும். அவ்வப்போது மட்டும் கண்விழிக்கும் உறங்குகிருமிகளையும் அந்தச் சிறு விழிப்பில் பிடித்துவிடும். பைரசினமைடு அமிலத்தன்மையுள்ள சூழலில் மட்டும் வேலைசெய்வது. அழற்சிப் பகுதிகளில் ஒதுங்கும் கிருமிகள் அதன் இரை. ஐசோனியசிட் முதல் நாட்களில் பெருவாரியை வீழ்த்த, மற்ற இரண்டும் மறைந்திருப்பவற்றைத் தேடி அழிக்கின்றன என்ற விளக்கத்தை மிச்சிசன் வகுத்தார். கிழக்கு ஆப்பிரிக்காவில் 1970இல் தொடங்கிய சோதனைகளின் வழி ஆறு மாதச் சிகிச்சை நிலைபெற்றது.

இந்தியத் தேசியத் திட்டம் வாரம் மும்முறை முறையை 1990களில் ஏற்று, 2017இல் தினசரி மருந்துக்கு மாறியது. இடைவெளிவிட்டு மருந்து கொடுக்கலாம் என்ற சென்னையின் பழைய முடிவு தவறு என்று இதைப் படிப்பது அவசரமாகும். அது ஸ்ட்ரெப்டோமைசினையும் ஐசோனியசிட்டையும் வைத்து, எச்.ஐ.வி. இல்லாத காலத்தில் எட்டப்பட்டது. எச்.ஐ.வி.யும் காசநோயும் சேர்ந்தவர்களிடம் நடந்த ஒப்பீடு 2018இல் வெளியானது. வாரம் மும்முறை மருந்து எடுத்தவர்களைவிட தினமும் எடுத்தவர்களுக்குப் பலன் கூடுதல். ரிஃபாம்பிசினை எதிர்க்கும் கிருமிகள் தோன்றுவதும் குறைவு. அந்த ஆய்வை நடத்தியது, இப்போது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்று பெயர் பெற்றிருக்கும் அதே சேத்துப்பட்டு மையம்.