சிவக்கும் எண்ணெய்

வியாசர்பாடியில் மெத்தை தைக்கும் கடையொன்றின் வாசலில், இலவம்பஞ்சிலிருந்து பிரித்த கருங்கொட்டைகள் குவிந்து கிடக்கக் கண்டிருக்கிறேன். இலவு காத்த கிளியைப் பற்றி ஆண்டுதோறும் வகுப்பில் பேசுகிற நான், அந்தக் கொட்டைக்குள் என்ன இருக்கிறது என்று வெகுகாலம் கேட்டுக்கொண்டதில்லை. உள்ளே இருப்பது எண்ணெய். அதற்கு ஒரு வரலாறும் உண்டு.

1897இல் ஹால்ஃபென் என்னும் பிரெஞ்சு வேதியியலார், பருத்திக்கொட்டை எண்ணெயை அடையாளம் காண ஒரு சோதனையை வகுத்தார். கந்தகம் கரைத்த கார்பன் டைசல்பைடையும் அமைல் ஆல்கஹாலையும் எண்ணெயுடன் சேர்த்துச் சூடாக்கினால் அது செந்நிறம் கொள்ளும். வேறு எண்ணெயில் சிறிதளவு கலந்திருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். சென்னை மாகாணம் 1918இல் கலப்படத் தடுப்புச் சட்டம் இயற்றியபோது இச்சோதனைக்கு வயது இருபதைத் தாண்டியிருந்தது. ஆயினும் ஏன் சிவக்கிறது என்பதை எவரும் அறியார்.

விடை பினாரி மரத்தின் விதையிலிருந்து வந்தது. 1952இல் நன் என்பவர் அவ்வெண்ணெயிலுள்ள ஸ்டெர்குலிக் அமிலத்தின் அமைப்பை வெளியிட்டார். அதன் நடுவே மூன்று கரிம அணுக்களாலான வளையம், அதற்குள் ஓர் இரட்டைப் பிணைப்பு. இத்தகைய பிணைப்பிலுள்ள கரிமம் விரும்பும் கோணம் 120 பாகை. முக்கோணத்திலோ அது ஏறத்தாழப் பாதியாகக் குறுக வேண்டும். சிறு வளையங்களின் இந்த இறுக்கத்தைப் பையர் 1885இலேயே பேசியிருந்தார். வளைத்துக் கட்டிய மூங்கில் அவிழக் காத்திருப்பதுபோல், இவ்வளையம் கந்தகம் முதலியவற்றோடு எளிதில் வினைபுரிகிறது. பருத்தியிலும் இலவிலும் இருப்பது இதே குடும்பத்து அமிலங்களே எனப் பின்னர்த் தெளிவாயிற்று.

அப்படியானால் அச்சோதனை கண்டுபிடித்தது பருத்தியை அன்று, வளையத்தை. இலவங்கொட்டை எண்ணெயும் சிவக்கும். பருத்தி எண்ணெயையே 200 பாகைக்கு மேல் நெடுநேரம் காய்ச்சினால் வளையம் அழிந்து சிவப்பு மறையும், கள்ளன் தப்பிவிடுவான். ஹைட்ரஜன் ஏற்றினாலும் அப்படியே.

எனக்கு உறுத்துவது மற்றொன்று. பருத்திக்கொட்டையை ஊறவைத்து ஆட்டி எருமைக்கு வைக்கும் பால்காரர்களைச் சிறுவயதில் அறிவேன். பால் கெட்டியாகும் என்பார்கள். அத்தீவனம் தின்ற மாட்டின் நெய்யும், ஒரு துளி எண்ணெய் கலக்காமலே, இச்சோதனையில் சிவக்கக்கூடும். பிற்கால இந்திய விதிகள் பருத்தி விளையும் வட்டாரங்களின் நெய்க்கு வேறு தர அளவுகளை வகுத்தன. மாடு தின்றதையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்று அப்போதுதான் சட்டத்துக்குத் தோன்றியது போலும்.