உஷ்ணமானிக்கு வேண்டிய நிழல்



அம்பத்தூரில் என் வீட்டு மாடிக் கைப்பிடிச் சுவரில் ஓர் உஷ்ணமானியைப் பொருத்தியிருந்தேன். விடியற்காலையில் அது நுங்கம்பாக்கம் நிலையத்தின் அளவோடு ஏறக்குறைய ஒத்துச் சென்றது; நண்பகலிலோ அதனினும் மிக உயர்ந்து நின்றது. கடற்காற்று அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய ஊர்களைக் கடற்கரைக்குப் பிந்தியே வந்தடைகிறது. ஆகவே இங்கு வெப்பம் சற்று மிகுந்திருப்பது இயல்பே. ஆயினும் என் கருவி காட்டியது ஊரின் வெப்பமா, சுவரின் வெப்பமா?

உஷ்ணமானி காட்டுவது உண்மையில் தன் வெப்பத்தையே. வெயிலோ, சுட்ட தரையின் அனலோ தாக்கினால் அது காற்றைவிட மிகுதியாகச் சூடேறிவிடும். ஆதலால் அதற்கு நிழல் வேண்டும். அந்நிழலினூடே காற்றும் தடையின்றி உலவ வேண்டும்.

இவ்விரண்டையும் ஒருங்கே பெறுவதற்கு நம் முன்னோர் பட்ட பாடு பெரிது. நுங்கம்பாக்கத்தில் 1792-இல் வானாராய்ச்சி நிலையம் எழுந்தது. 1796 முதல் ஜான் கோல்டிங்ஹாம் அங்கு வானிலைக் குறிப்புகளை எழுதி வந்தார். 1875-இல் இந்திய வானிலைத் துறை தோன்றியது. அந்நாளில் நம் நாட்டு நிலையங்களில் உஷ்ணமானிகளைப் பக்கங்கள் திறந்த கூரைக் கொட்டகையின் கீழ் வைத்தனர். 1860-களில் ஸ்காட்லாந்தின் கலங்கரை விளக்கப் பொறியாளர் தாமஸ் ஸ்டீவன்சன் வேறொரு வழி கண்டார். வெண்ணிறம் பூசி, நாற்புறமும் சாய்ந்த மரச்சட்டங்கள் அடித்த பெட்டி அது. 'புதையல் தீவு' கதையை எழுதிய ஆசிரியரின் தந்தை அவரே! 1920-களில் இந்திய நிலையங்கள் அப்பெட்டிக்கு மாறின.

கொட்டகையும் பெட்டியும் ஒரே வேளையில் ஒரே அளவைக் காட்டுவதில்லை. நுங்கம்பாக்கத்தில் 2003 மே 31 அன்று வெப்பம் 45 டிகிரி செல்சியஸை எட்டியது. அதனைப் பழைய ஏடுகளோடு ஒப்பிட விரும்புவோர், அவை எந்த நிழலில் எடுத்த அளவுகள் என்றும் கேட்டறிய வேண்டும்.

இன்று வீடுகளில் வைக்கும் கருவிகளுக்கு, வெண்ணிறத் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக இடைவெளி விட்டு அடுக்கிய சிறு கூடு உண்டு. காற்று அசையாத நண்பகலில் அத்தட்டுகளே சூடேறி உள்ளிருப்பதையும் சுடும். சிறு விசிறி காற்றை ஈர்த்துத் தந்தால் பிழை பெரிதும் குறையும்.

என் கருவியைச் சுவரினின்று அகற்றி, காற்றோட்டமான கூட்டில் வைத்தேன். நண்பகல் வேற்றுமை வெகுவாகக் குறைந்தது; எனினும் முற்றும் மறையவில்லை. எஞ்சியதையே என் ஊரின் வெப்பம் எனக் கொண்டேன். நண்பர்களே, அளவைக் குறிக்கும்போது, அதை எந்த நிழலில் எடுத்தீர்கள் என்பதையும் உடன் எழுதிவையுங்கள்.