காவிரி (போர்க்கப்பல்)

காவிரி, இரண்டாம் உலகப்போரின்போது ராயல் இந்தியக் கடற்படைக்காகக் கட்டப்பட்ட ஸ்லூப் வகைக் காவல்கப்பல். கிளாஸ்கோவில் கிளைடு ஆற்றங்கரையிலிருந்த யாரோ நிறுவனம் இதைக் கட்டி 1943இல் நீரில் இறக்கியது. சட்லெஜ், ஜமுனா, நர்மதா, கோதாவரி, கிருஷ்ணா ஆகியவற்றோடு ஆற்றுப்பெயர் பெற்ற ஆறு ஸ்லூப்களுள் இதுவும் ஒன்று. மேட்டூர் அணையைக் கடந்து, பள்ளிபாளையம், மோகனூர் வழியே சேலம், நாமக்கல் சமவெளியின் ஓரமாக ஓடும் நம் ஆற்றின் பெயர்தான் இதற்கு. நீளம் ஏறக்குறைய 91 மீட்டர். வேகம் சுமார் 20 நாட். 4 அங்குலப் பீரங்கிகள் ஆறு.

எதிரிக் கப்பல் எதையும் மூழ்கடித்த புகழ் காவிரிக்கு இல்லை. அதனால் இது சிறப்பற்ற கப்பல் என்பது சரியாகாது. 1944 பிப்ரவரியில் விசாகப்பட்டினத்துக்கு அப்பால் ஜமுனா, இரண்டு ஆஸ்திரேலியக் கப்பல்களுடன் சேர்ந்து ஆர்ஓ-110 என்ற ஜப்பானிய நீர்மூழ்கியை அழித்தது. ஆனால் அதற்குமுன் அந்த நீர்மூழ்கி, காவலோடு சென்ற கப்பல் கூட்டத்தில் ஒரு சரக்குக் கப்பலை டார்பிடோவால் தாக்கியிருந்தது. துணிச்சலுக்குரிய வெற்றிதான், காவல் ஒருமுறை உடைந்த பிறகு கிடைத்த வெற்றியும்கூட. காவல்கப்பலின் வேலை வேட்டையல்ல. ஒலியலையால் கடலடியைத் துழாவி, வானத்தையும் கவனித்து, சரக்கும் ஆட்களும் துறைமுகம் சேரும்வரை உடன்செல்வதே அதன் வேலை. மூழ்கிய நீர்மூழ்கிகளை மட்டும் எண்ணினால் இந்த உழைப்பு கணக்கிலேயே வராது.

வெள்ளையர் போருக்கு உழைத்த கப்பலை நாம் ஏன் கொண்டாட வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. ஆயினும் கப்பலின் கதை 1945இல் முடியவில்லை. 1947இல் கடற்படை பிரிக்கப்பட்டபோது நர்மதாவும் கோதாவரியும் பாகிஸ்தானுக்குப் போயின. கோதாவரி அங்கே ‘சிந்து’ ஆனது. காவிரி, கிருஷ்ணா, ஜமுனா, சட்லெஜ் நான்கும் இந்தியாவுக்கு வந்தன. புதிய நாட்டின் கடற்படைக்கு முதலாக அமைந்தவற்றில் இவையும் அடங்கும். அதே ஆண்டு ஜுனாகத் சமஸ்தானத்தை இந்தியாவோடு இணைக்கும் நடவடிக்கையில் காவிரி பங்கேற்றது. 1961 டிசம்பர் 18 அன்று கோவாவில் பேட்வா, பியாஸ் கப்பல்களோடு நின்று, ‘அஃபோன்சோ டி அல்புகெர்க்கே’ என்ற போர்த்துகீசியக் கப்பலை எதிர்த்தது. ஒரு பேரரசுக்காகக் கட்டிய கப்பல், இந்திய மண்ணிலிருந்த இன்னொரு பேரரசின் கடைசிப் பிடியை அகற்றுவதில் பங்குகொண்டது. இதைவிடத் தெளிவான பதில் தேவையில்லை. 1970களின் பிற்பகுதியில் காவிரி உடைக்கப்பட்டது.