புலம்பலும் வரலாறே

யூதர்தம் பழைய மறையைச் சமய நூலென்றே பலரும் அறிவர். மாந்தர் துயரைப் பாடும் இலக்கியங்களும் அதனுள் உள. அவற்றுள் ஒன்று ‘புலம்பல்’. இரயில்வே எழுத்தனாகிய யான் எபிரேயம் அறியேன். தமிழ் வாயிலாகவே அதனைக் கற்றேன். சீகன்பால்கு தொடங்கிய பழைய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பைச் சூல்ட்சு நிறைவு செய்ய, 1728-இல் தரங்கம்பாடியில் அது முழுமையாக அச்சேறியது.

கி.மு. 586-ஆம் ஆண்டையொட்டிப் பாபிலோன் வேந்தன் நேபுகாத்நேச்சாரின் படை எருசலேமை நெடுநாள் முற்றுகையிட்டு அழித்தது. கோயில் எரிந்தது; பசியால் மடிந்தோர் பலர்; சிறைப்பட்டு அயல்நாடு சென்றோர் பலர். அவ்வழிவைப் பாடுவன இந்நூலின் 5 பாடல்கள். நகரமே கைம்பெண்ணாய் அமர்ந்து அழுகின்றது. எரேமியா பாடியதென்பது மரபு. நூலுள் ஆசிரியர் பெயர் இல்லை.

இதன் யாப்பு வியப்புக்குரியது. எபிரேய எழுத்துக்கள் 22. முதல், இரண்டு, நான்காம் பாடல்கள் ஒவ்வொன்றிலும் 22 பகுதிகள், நம் ஆத்திசூடி போல, அகர வரிசையில் தொடங்குகின்றன. மூன்றாவதில் எழுத்துக்கு மூன்றாக 66 அடிகள். துயரை முதலெழுத்து முதல் இறுதியெழுத்து வரை எஞ்சாமல் சொல்ல விழைந்தனர் போலும்! ஐந்தாம் பாடலிலோ எண்ணிக்கை 22 ஆக நிற்க, வரிசை குலைகின்றது. அழுகை மிகுந்தவிடத்து எழுத்தும் ஒழுங்கு இழந்ததோ? நூல் முழுவதிலும் இறைவன் மறுமொழி கூறவில்லை. பொய்யான ஆறுதல் கூறாமையே அதன் பெருமை என்பேன்.

தமிழர்க்கும் இந்நெறி புதிதன்று. பறம்பு மலையை இழந்த பாரி மகளிரின் பாடலைப் புறநானூறு கையறுநிலைத் துறையில் காத்தது. அதனாலன்றோ அவ்விருவர் துயரை இன்றும் அறிகிறோம்?

அன்பர்களே! 1964-ஆம் ஆண்டின் சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்திற்குப் பின், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களினின்று பெயர்ந்த நம்மவருட் சிலர் கச்சால் தீவின் இரப்பர்த் தோட்டங்களிற் குடியமர்த்தப்பட்டனர். ஒருமுறை வேரறுந்தோர் மீண்டும் வேரூன்றினர். 2004 டிசம்பர் 26 அன்று கடல் அத்தீவின்மீது ஏறியது. நிக்கோபாரிகளும் தமிழரும் ஒருங்கே மாண்டனர்.

எருசலேம் வீழ்ந்து ஈராயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் கடந்தும் அதன் அழுகை கேட்கின்றது, எழுதிவைத்தார் ஆதலின். கச்சாலின் கதையை அறிந்த முதியோர் நம்மிடையே இன்னும் உளர். அவர்பால் அமர்ந்து கேட்டு, மாண்டோர் பெயருடன் எழுதிவைப்போம். ஆண்டுதோறும் வரும் இம்மலரில் அதற்கென ஒரு பக்கம் ஒதுக்குதல் நம் கடமையாகும்.