தராசும் தோட்டாவும்

துப்பாக்கியின் பெருமை அதன் வேகத்திலும் வலிமையிலும் உள்ளது என்பது பொதுவான எண்ணம். ஆனால் வேட்டைக்குரிய தோட்டாவைத் தம் கையாலேயே நிரப்பிக்கொள்வோரைக் கேட்டால், அவர்கள் முதலில் சுட்டிக் காட்டுவது துப்பாக்கியை அன்று. மேசைமீது இருக்கும் சிறு தராசையே. மருந்தை மிகுதியாக இடுவதால் குறி தப்பாமை வாய்ப்பதில்லை. ஒவ்வொரு தோட்டாவும் முந்திய தோட்டாவைப் போலவே அமைவதால்தான் அது வாய்க்கிறது. அமெரிக்க நாட்டில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக வேரூன்றி நிற்கும் இக்கைத்தொழிலின் வரலாறு, அளவு என்பதைப் பற்றி நாம் எண்ணிப் பார்க்கத்தக்க பாடம் ஒன்றைத் தன்னுள் கொண்டிருக்கிறது.

வெடிமருந்தின் தாயகம் சீனம். அதன் உயிர்ப்பொருளாகிய வெடியுப்பு அரபு நாடுகளில் அறிமுகமானபோது, அறிஞர்கள் அதைக் குறித்து எழுதலாயினர். ஸ்பெயினின் மாலகாவில் பிறந்து, கி.பி. 1248இல் திமிஷ்கில் மறைந்த மூலிகை அறிஞர் இப்னுல் பைத்தார், வெடியுப்புக்குச் 'சீனப் பனி' என்னும் பெயரையும், மேற்கு நாட்டு மக்கள் வழங்கிய 'பாரூத்' என்னும் பெயரையும் பதிவு செய்தார். பின்னாளில் அச்சொல்லே வெடிமருந்துக்குப் பெயராயிற்று. உருது மொழியிலும் அதுவே வழக்கு. அதே நூற்றாண்டில் சிரியாவில் வாழ்ந்த ஹஸன் அர்ரம்மாஹ், குதிரையேற்றமும் போர்க்கருவிகளும் பற்றிய தம் நூலில், வெடியுப்பை மரச்சாம்பலின் துணையால் தூய்மை செய்யும் முறையை விளக்கினார். கலவைகளை எடைக் கணக்கோடு எழுதி வைத்தார். கைக்குத் தோன்றியபடி அள்ளியிட்ட மருந்து, இவ்வாறு நூலேறித் தராசுக்கு உட்பட்டது.

ஆங்கிலம் பேசும் நாடுகளில் தோட்டா மருந்தை நிறுக்கும் அலகு இன்றும் 'கிரெயின்' என்பதே. தானிய மணி என்பது அதன் பொருள். ஒரு ராத்தலுக்கு 7,000 கிரெயின். ராத்தல் என்னும் சொல்லோ அரபியின் 'ரத்ல்' தந்தது. ஃபிக்ஹு நூல்களில் பொன், வெள்ளியின் எடையைச் சொல்லும்போது வரும் 'ஹப்பா'வும் தானிய மணிதான். நம் பொற்கொல்லர்கள் குன்றிமணி கொண்டு நிறுத்ததும் இவ்வகையே. மிகச் சிறியதை நிறுக்க வேண்டியபோதெல்லாம் மனிதன் விதையையே தேடிச் சென்றிருக்கிறான்.

குழலின் வாய்வழியே மருந்தையும் குண்டையும் இட்டு இடித்துச் சுட்ட காலம் நெடியது. 1807இல் அலெக்சாண்டர் ஃபோர்சித் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார், தட்டிய மாத்திரத்தில் தீப்பொறி தரும் மருந்தைத் துப்பாக்கியில் பயன்படுத்தும் முறைக்கு உரிமம் பெற்றார். 1860களில் பொறி மருந்து, வெடிமருந்து, குண்டு ஆகிய மூன்றையும் ஒன்றாய்த் தாங்கும் பித்தளைக் கூடு வழக்கத்துக்கு வந்தது. அதன் அடியில் பொருத்தும் பொறிக்கிண்ணத்தை இங்கிலாந்தின் பாக்சர் ஒரு விதமாகவும், அமெரிக்காவின் பெர்டன் வேறு விதமாகவும் அமைத்தனர். விந்தை என்னவெனில், ஆங்கிலேயரின் முறை அமெரிக்காவிலும், அமெரிக்கரின் முறை ஐரோப்பாவிலும் பரவின. பாக்சர் கூட்டின் அடியில் நடுவே ஒரே துளை. ஒரு கம்பியை உள்ளே விட்டு அழுத்தினால் பழைய கிண்ணம் கழன்றுவிடும். புதியதைப் பொருத்திக் கூட்டை மீண்டும் நிரப்பலாம். கைநிரப்புத் தொழில் அமெரிக்காவில் செழித்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அத்தொழிலின் முதல் மாணவர் யாவர்? 1870களில் மேற்குச் சமவெளிகளில் பைசன் என்னும் காட்டெருதுகளைத் தோலுக்காகக் கொன்று குவித்த வேட்டைக்காரர்கள் அவர்களுள் முதன்மையானவர். ஈயக் கட்டிகளையும் மருந்துப் பீப்பாய்களையும் வண்டியில் ஏற்றிச் சென்று, இரவில் கூடாரத் தீயருகே ஈயத்தை உருக்கிக் குண்டு வார்த்தனர். பகலில் சுட்ட கூடுகளை மறுநாளைக்கு நிரப்பி வைத்தனர். அவர்களுடைய குறி தப்பவில்லை. அதன் விளைவு யாது? கோடிக்கணக்கில் திரிந்த அவ்விலங்கினத்தில் 1889இல் எஞ்சியவை 1,091 மட்டுமே என்று வில்லியம் ஹார்னடே என்னும் விலங்கியலார் கணக்கிட்டார். தோட்டாவில் அளவு இருந்தது. ஆசையில் அளவு இல்லை.

1884இல் பிரான்சின் பால் வியேய் புகையற்ற மருந்தைக் கண்டார். பழைய கருமருந்தைக் கூடு நிறைய இட்டாலும் பெருங்கேடு விளைவது அரிது. புதிய மருந்தோ, சிறிது மிகுந்தாலும் துப்பாக்கியையே பிளந்து, சுடுவோனின் முகத்தைச் சிதைக்கவல்லது. தராசு அன்றுமுதல் குறிக்கு மட்டுமன்றி உயிருக்கும் காவலாயிற்று.

அடுத்து வந்தது பாதித் தானியங்கி ரைஃபிள். ஜான் பிரௌனிங் வகுத்த வேட்டைத் துப்பாக்கியை ரெமிங்டன் நிறுவனம் 1906இல் விற்பனைக்குக் கொணர்ந்தது. விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு வேட்டு. அந்த வெடியின் ஆற்றலே வெற்றுக் கூட்டை வெளியே எறிந்து, அடுத்த தோட்டாவை உள்ளே செலுத்த வழிசெய்யும். இதன் வேகம் கண்டு அஞ்சியோரும் உளர். மறு ஆண்டே பென்சில்வேனியா மாநிலம் தானியங்கித் துப்பாக்கிகளால் வேட்டையாடுவதைத் தடை செய்தது. காட்டெருதுகளை எண்ணிய அதே ஹார்னடே, 1913இல் வெளியிட்ட நூலில் இத்தகைய துப்பாக்கிகளைக் கடுமையாகக் கண்டித்தார். எண்ணிக்கை அறிந்தவரின் அச்சம் அது.

தானே இயங்கும் துப்பாக்கி, தோட்டா நிரப்புவோனிடம் முன்னிலும் மிகுந்த ஒழுங்கை எதிர்பார்த்தது. கையால் தாழிட்டு மூடும் துப்பாக்கியில், கூடு இறுக்கமாய் இருந்தால் கை அதனை உணர்ந்துவிடும். இங்கோ உணரும் கை இல்லை. சுருள்வில்லின் விசையே தாழை மூடுகிறது. ஆதலின் ஒருமுறை வெடித்துப் பருத்த கூட்டை முழுமையாகப் பழைய அளவுக்கு ஒடுக்க வேண்டும். தோட்டாவின் மொத்த நீளம் தோட்டாப் பெட்டிக்கு அடங்க வேண்டும். வேகமாய் உள்ளே தள்ளப்படும்போது நழுவாதபடி கூட்டின் கழுத்து குண்டை இறுகப் பற்ற வேண்டும். பொறிக்கிண்ணம் கூட்டின் அடிமட்டத்துக்குச் சற்று உள்ளடங்கியே இருக்க வேண்டும். துருத்தி நின்றால், தாழ் மூடும் அதிர்ச்சியிலேயே, விசையைத் தொடாமலே வெடிக்கக்கூடும். மருந்து எரியும் வேகமும் பொருந்த வேண்டும். 1936இல் அமெரிக்கப் படை ஏற்றுக்கொண்ட காரண்ட் ரைஃபிளில், மிக மெதுவாய் எரியும் மருந்தை இட்டால், தாழை இயக்கும் நீண்ட தண்டு வளைந்து போகும். இரண்டாம் உலகப்போருக்குப் பின் படையின் உபரி மருந்து மலிவாய்க் கிடைத்தபோது, கைநிரப்பாளர் தொகை பெருகியது, இவ்விதிகளும் பரவலாயின.

அக்காலத்தில் நிகழ்ந்த ஒன்று குறிப்பிடத்தக்கது. 1946இல் ஜான் நோஸ்லர் என்பவர் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மூஸ் என்னும் பெருங் கலைமானை வேட்டையாடினார். குண்டுகள் பட்டும், சேறு காய்ந்து கெட்டித்த தோலைக் கடந்து அவை உள்ளே செல்லவில்லை. ஊர் திரும்பிய அவர் மேலும் பெரிய துப்பாக்கியைத் தேடவில்லை. குண்டின் நடுவே தடுப்புச் சுவர் ஒன்றை அமைத்தார். முன்பாதி விரியும், பின்பாதி உருக்குலையாது உள்ளே செல்லும். 1948இல் அக்குண்டு விற்பனைக்கு வந்தது. பிழைபட்ட குண்டின் துன்பம் வேட்டைக்காரனுக்கு உரியதன்று. காயத்தோடு ஓடிக் காட்டில் பல நாள் துடித்து மடியும் உயிருக்கு உரியது. மேசைமீதுள்ள தராசு உண்மையில் அவ்வுயிருக்காகவே வைக்கப்பட்டது.

இவ்வரலாற்றில் இரண்டு அளவுகள் தோன்றுகின்றன. ஒன்று, மருந்தின் அளவு. அதைக் கருவி காட்டும். மற்றது, எத்தனை உயிர் போதும் என்னும் அளவு. அதைக் காட்டும் கருவியை எத்தொழிற்சாலையும் செய்ததில்லை. முதல் அளவில் தேர்ந்தவர்களே இரண்டாம் அளவை மறந்ததால் சமவெளிகள் வெறுமையாயின என்பதற்கு 1,091 என்னும் எண் சான்றாக நிற்கிறது. அரபியில் தராசுக்கு 'மீஸான்' என்று பெயர். நீதிக்கும் அதுவே அடையாளம். ஒரு சொல் இரு பொருளையும் தாங்கி நிற்பது வீணன்று.