அம்பாளா, ஆண்டாளா?

ஒரு பெயர் ஆளை ஏமாற்றுமா என்று பார்க்கும் நீதிமன்றம், வாங்குபவரின் காதில் அது எப்படி விழும் என்பதையே அளவுகோலாக்குகிறது. சென்னை மூக்குப்பொடி வழக்கு இதற்கு நல்ல சாட்சி. 'ஸ்ரீ அம்பாள்' பொடி விற்பனையில் இருக்க, இன்னொரு வணிகர் 'ஸ்ரீ ஆண்டாள்' என்று பதிவு கேட்டார். சிவன் கோயில் அம்பாளையும் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளையும் எந்தத் தமிழர் குழப்பிக்கொள்வார்? வலுவான வாதம்தான். ஆனால் 1969இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பொடி போடுபவர்கள் எல்லாரும் இந்துக்களோ தமிழர்களோ அல்லர். உச்சரிப்பு ஒத்திருந்தாலே குழப்பம் வரும் என்றது. துறைமுகத்தை ஒட்டிய ராயபுரத்தை நினைத்தால் இந்தத் தர்க்கம் விளங்கும். தமிழும் தெலுங்கும் உருதும் கலந்து புழங்கிய, ஆங்கிலோ இந்தியரும் வாழ்ந்த பகுதி அது. மூட்டை இறக்கிவிட்டு வந்து பொடி மட்டை கேட்பவர், இரண்டு லேபிளையும் அருகருகே வைத்தா ஒப்பிடுவார்?

இப்படிப் பார்த்தால் எந்த வணிகரும் தப்ப முடியாதே என்பார்கள். அப்படியில்லை. நோவினோ பேட்டரி விளம்பரம், ஒப்பந்தக் கூட்டாளியான மட்சுஷிட்டா நிறுவனத்தின் பெயருக்குப் பதிலாக அதன் 'நேஷனல் பானசோனிக்' பெயர்களைச் சொன்னது. ஒப்பந்தம் உண்மை, மக்கள் அறிந்ததும் அந்தப் பெயர்களையே; ஆகவே சொல் பிசகினாலும் வாசகர் ஏமாறவில்லை என்று 1989இல் அதே நீதிமன்றம் விளம்பரத்தின் பக்கம் நின்றது.